பச்சைச் சாணி ஊத்துன வெள்ளரிய பச்சையா திங்கலாமா?

தக்கலைக்காரன்:
வீட்டுக்குப் பின்னாடி வெள்ளரியும் தண்டங்கீரையும் போட்டிருக்கோம், அம்மா தொழுவத்துல இருந்து பச்சைச் சாணிய அள்ளி அப்படியே கரைச்சு ஊத்துறாங்க, பிள்ளைங்க பறிச்ச கையோட வெள்ளரிய கடிச்சுத் திங்குதுங்க. கிருமி ஏதும் வருமா?

தோவாளை விவசாயி:
வரும் தம்பி, உடனே நிப்பாட்டுங்க. ஈ.கோலை ஓ157ங்கிற பாக்டீரியா சில மாட்டு குடல்ல இருக்கும், மாட்டுக்கு ஒண்ணும் செய்யாது, ஆனா மனுசனுக்கு ரத்தபேதி, சின்னப் பிள்ளைங்கன்னா கிட்னி வரைக்கும் போயிரும். மழைக்கு சேறு தெறிச்சு இலைக்கு அடியில ஒட்டிக்கிடும், நம்ம குமரி மாவட்டத்துல ரெண்டு சீசனும் மழைலா. அமெரிக்கா ஆர்கானிக் விதிப்படி பச்சை எரு போட்டா மண்ணுல படுற காய பறிக்க 120 நாள் விடணும், தண்டங்கீரைய நாம ஒரு மாசத்துல பறிச்சிருவோமே.

தக்கலைக்காரன்:
மஞ்சத்தண்ணில கழுவுனா போதாதா அண்ணாச்சி?

தோவாளை விவசாயி:
போதாது, கழுவுனா குறையும் அவ்வளவுதான். கீரைய நல்லா வேக வச்சா செத்துரும், வெள்ளரிக்கு அது நடக்காதே.

குலசேகரம் அக்கா:
சாணிய சருகோட சேத்து குவிச்சு மக்க விடுங்க. உள்ள 55 டிகிரி சூடு 15 நாள் நிக்கணும், அதுக்குள்ள அஞ்சு தடவை புரட்டணும், ஓரத்துல கிடக்கறது நடுவுக்கு வரணும். மக்குன குவியல் பக்கத்துல புதுச் சாணி கொட்டாதீங்க, மழைத்தண்ணி அதுல கலந்துரும்.