புதுப்பிப்பு: பைதான் கம்பைல் ஆகியும் பிப் ஓடாத விவகாரம்

போன வாரம் கேட்டிருந்தேன்: உபுண்டு 22.04 லினக்ஸில் பைதான் 3.12 நிரல்மொழியை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தேன், மேக் (மூலநிரலைக் கட்டும் கட்டளை) ஒழுங்காக முடிந்தது, ஆனால் பைதான் பொதிகளை இறக்கி நிறுவும் பிப், எதையும் இறக்காமல், பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்கிறது என்று. சரி, தீர்ந்துவிட்டது.

தவறு என்னுடையதுதான். அந்த மாட்யூலுக்கு வேண்டிய ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் கணினியில் இருந்தது. ஆனால் கம்பைல் செய்யத் தேவையான ஹெட்டர் கோப்புகள் லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்ற தனிப் பொதியில் வருகின்றன. அவை இல்லையென்றால், கட்டுவதற்கு முன் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் நின்றுவிடாது. மேக் அந்த மாட்யூலை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கட்டிவிடும். மேக் முடியும்போது, எந்தெந்த மாட்யூலைக் கட்ட முடியவில்லை என்று ஒரு பட்டியல் வரும். அது வந்த நேரம் நான் டீக்கடையில்.

பட்டியலில், தட்டச்சு செய்யும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைனும் இருந்தது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் ஏன் கோணல்மாணலாக எழுத்து வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

எஸ்எஸ்எல், ரீட்லைன் இரண்டுக்குமான டெவ் பொதிகளை நிறுவி, பழைய கட்டுமானத்தைத் துடைக்க மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்து, கான்ஃபிகரிலிருந்து மறுபடி ஓட்டினேன். கடைசியில் மேக் இன்ஸ்டால் அல்ல, மேக் ஆல்ட்இன்ஸ்டால். முன்னது பைதான்3 என்ற பெயரையும் பிடித்துக்கொள்ளும், பின்னது பைதான்3.12 என்ற பெயரோடு நிறுத்திக்கொள்ளும். உபுண்டுவின் சொந்த 3.10 அதன் பாட்டுக்கு இருக்கிறது.

பிப் ஓடுகிறது. அம்புக்குறியும்.