ஏர் ஓஸ் க்விக் கப்ளர்: எது நிலைக்கிறது, எது லீக் அடிக்கிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை, கார் டிங்கரிங் பெயின்டிங் பட்டறை:

கம்ப்ரசரை ஆஃப் பண்ணாமல் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். யாரும் ஏர் எடுக்காத அந்த நேரத்தில் மோட்டார் எத்தனை தடவை தானாக ஓடி நிற்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். அடிக்கடி ஓடினால் லைனில் எங்கேயோ லீக் அடிக்கிறது என்று அர்த்தம், நான் பார்த்த வரைக்கும் அது பைப்பில் இருப்பது குறைவு, கப்ளரிலும் (ஓஸையும் டூலையும் சொருகிக் கழற்றுகிற இணைப்பு) கப்ளரைப் பிடித்திருக்கும் இடத்திலும்தான் இருக்கும். கடையில் போய்க் கப்ளர் கேட்டால் கால் இஞ்சா அரை இஞ்சா என்று அளவை மட்டும் கேட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. பாதிப் பிரச்சினை அங்கேயே ஆரம்பிக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன், தெரிந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

கப்ளரில் குடும்பம் குடும்பமாக வகை இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை ஜப்பான் நிட்டோ கம்பெனியின் வடிவத்தைப் பின்பற்றியவை. எஸ்பி 20, பிபி 20, எஸ்எம் 20, பிஎம் 20 என்று மேலே எழுதியிருக்கும். முதல் எழுத்து எஸ் என்றால் சாக்கெட், அதாவது வாய் உள்ள பக்கம்; பி என்றால் பிளக், அதாவது அந்த வாய்க்குள் சொருகும் பக்கம். இரண்டாவது எழுத்து பின்பக்கம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும்: பி என்றால் நட்டு போட்டு இறுக்கும் பி.யு. (பாலியூரிதேன் பிளாஸ்டிக்) ஓஸுக்கு, எச் என்றால் ஓஸுக்குள் சொருகிக் கிளிப் போடும் நிப்பிள், எம் என்றால் வெளி மரை, எஃப் என்றால் உள் மரை. 20 கால் இஞ்சு, 30 என்றால் 3/8, 40 என்றால் அரை. இந்த 20, 30, 40 மூன்றுக்கும் வாய் ஒன்றே, ஒன்றின் பிளக் இன்னொன்றில் சரியாக உட்காரும். அமெரிக்காவிலிருந்து வரும் டூல்களில் இண்டஸ்ட்ரியல் வகை, ஆட்டோமோட்டிவ் வகை, ஏரோ வகை என்று வேறு வேறு பிளக் இருக்கும். ஐரோப்பாவில் 7.2, 7.4 என்று சொல்லும் அகல வாய் வகை.

இதில் மோசமான விஷயம் என்னவென்றால் சில வகைகள் ஒன்றோடொன்று பாதி சேரும். சொருகினால் 'டக்'கென்று சத்தம்கூட வரும், ஏரும் போகும், ஆனால் பிளக்கின் மூக்கு நீளமும் வளையம் இருக்கும் இடமும் கொஞ்சம் மாறியிருப்பதால் உள்ளே ரப்பர் முழுசாகப் பிடிக்காது. புஸ் என்று ஓயாமல் கசியும், இழுத்தால் கழன்றும் வரும். புது ஏர் கன் வாங்கினால் அதில் வரும் பிளக்கை அன்றைக்கே கழற்றி எடுத்துவிட்டு நம் வகையைப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் பட்டறையில் சட்டம். ஒரு பட்டறைக்கு ஒரே வகை. விலை கூடின கப்ளரா குறைந்த கப்ளரா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

லீக் எங்கே என்று கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீரும் ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷும் போதும். பிளக் சொருகியிருக்கும்போது மட்டும் முட்டை விட்டால் சாக்கெட் வாயில் உள்ள ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் போயிருக்கிறது, இல்லை என்றால் பிளக்கின் மூக்கு தேய்ந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றினால் மட்டும் வாய் வழியாக வருகிறது என்றால் உள்ளே இருக்கும் வால்வு சரியாக உட்காரவில்லை, தூசியோ மரையில் சுற்றுகிற டேப்பின் துணுக்கோ மாட்டியிருக்கும். சொருகினாலும் கழற்றினாலும் ஒரே மாதிரி வருகிறது என்றால் கப்ளர் மேல் குற்றமில்லை, மரையிலோ ஓஸ் கிளிப்பிலோ இருக்கிறது. நல்ல கப்ளரைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி அதே பழைய கிளிப்பில் மாட்டுகிறவர்களை நிறைய பார்க்கிறேன், லீக் அப்படியே இருக்கும், பணம்தான் போகும்.

வாங்கும்போது கடையிலேயே செய்து பார்க்க ஒரு விஷயம் சொல்கிறேன். பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகப் பளபளப்பாக இருப்பதெல்லாம் இரும்பு இல்லை, பித்தளைக்கு நிக்கல் பூசியிருப்பார்கள், துத்தநாக வார்ப்புக்கும் பூசியிருப்பார்கள். காந்தம் ஒட்டினால் ஸ்டீல். ஒட்டவில்லை என்றால் மரை ஓரத்தில் ஆணியால் லேசாகக் கீறுங்கள், மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் வார்ப்பு, அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கீழே விழுந்தால் உடைகிற சாமான் அது. சாக்கெட் பித்தளையாக இருக்கலாம், துருப் பிடிக்காது. ஆனால் பிளக் மட்டும் ஹார்டன் பண்ணின ஸ்டீலாக இருக்க வேண்டும், ஏனென்றால் சாக்கெட்டில் உள்ள ஸ்டீல் குண்டுகள் பிளக்கின் கழுத்தில்தான் உட்காருகின்றன, பித்தளைக் கழுத்தில் அவை சீக்கிரமே குழி போட்டுவிடும். பழைய பித்தளைப் பிளக் இருந்தால் கழுத்தை நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள், நகம் வரிசையாக இடறும்.


நாமக்கல், லாரி டயர் கடை:

அண்ணே, சொன்னது எல்லாம் சரி, ஆனால் லாரி வேலைக்கு இது பத்தாது. ஒரு இஞ்சு சதுரத் தலை வைத்த பெரிய இம்பாக்ட் கன்னுக்கு 20 கப்ளரைப் போட்டால் போல்ட் கழலவே கழலாது. டேங்க் கேஜில் 8 பார் காட்டும், கன் ட்ரிக்கரை அழுத்தினதும் கன் வாயில் அது பாதியாகிவிடும், அந்தச் சின்ன ஓட்டை வழியாக அவ்வளவு காற்று போகாது. நிறைய பேர் கன் வீக் என்று சர்வீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 40 என்று எழுதின கப்ளர் வாங்கினாலும் பெரிசாகத் தீராது, அண்ணன் சொன்ன மாதிரி பின்பக்க மரைதான் அரை இஞ்சு, வாய் அதே வாய். அரை இஞ்சு உள்விட்டம் ஓஸும், நிஜமாகவே அகல வாய் உள்ள வகையும் வேண்டும்.

இன்னொன்று, கப்ளரைக் கன்னோடு நேராக மாட்டவே கூடாது. கன் அடிக்கிற அடி முழுக்க பிளக் கழுத்தில் இறங்கும். கன்னில் முதலில் ஒரு அடி, ஒன்றரை அடி நீளத்துக்குத் துண்டு ஓஸ் போட்டு, அதன் மறுமுனையில் பிளக்கை வையுங்கள். அதிர்ச்சியை ஓஸ் வாங்கிக்கொள்ளும். ஒரே கம்பெனி பிளக்தான், நேராக மாட்டினது சீக்கிரம் ஆட ஆரம்பித்துவிடும், துண்டு ஓஸ் போட்டது வருஷம் தாண்டி ஓடும். பையன்கள் கன்னைத் தரையில் போட்டாலும் கப்ளர் கல்லில் மோதாது.

வெயிலையும் கவனியுங்கள். எங்கள் கடை ரோட்டோரம், ஓஸ் நாள் முழுக்கத் தார் ரோட்டில் கிடக்கும். பி.யு. ஓஸ் சூடானால் தாங்கும் அழுத்தம் குறைந்துவிடும், நட்டுப் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். லாரி டயருக்கு 100, 120 பிஎஸ்ஐ ஏற்றுகிற இடத்தில் அது விளையாட்டு இல்லை. வெளியில் கிடக்கும் ஓஸுக்கு நூல் பின்னின ரப்பர் ஓஸ் போட்டு, நிப்பிளில் சொருகி, மெஷினில் வைத்து ஃபெருல் (உலோக வளையம்) அழுத்தி வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூ கிளிப் போட்டால் மறுநாள் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள், ரப்பர் உட்கார்ந்து கிளிப் லூசாகியிருக்கும்.


திருப்பூர், பனியன் கம்பெனி மெயின்டனன்ஸ்:

எங்களுக்கு வேறு தொல்லை, பஞ்சு. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் சுருள் ஓஸ் தொங்கும், அதில் ஏர் கன். கன்னைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் சாக்கெட் வாய் திறந்து கிடக்கும், பஞ்சுத் தூள் போய் உட்காரும், அப்புறம் பிளக்கைச் சொருகும்போது அது அப்படியே உள்ளே வால்வுக்குத் தள்ளப்படும். சாக்கெட்டை வாய் கீழ்ப்பக்கம் பார்க்கத் தொங்கவிட்டதில் பாதிக்கு மேல் தீர்ந்தது. சொருகுவதற்கு முன் பிளக்கை ஒரு தடவை துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன், தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறேன்.

மொத்த லீக் எவ்வளவு என்று தெரிய ஒரு கணக்கு இருக்கிறது. வேலை முடிந்ததும் டேங்கை 7 பாருக்கு ஏற்றி, மோட்டாரை நிறுத்தி, லைன் வால்வைத் திறந்தே வைத்துவிட்டு, 6 பாருக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். டேங்கின் லிட்டரை இறங்கின பாரால் பெருக்கி நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று வந்துவிடும். 220 லிட்டர் டேங்க் 10 நிமிடத்தில் ஒரு பார் இறங்கினால் நிமிடத்துக்கு 22 லிட்டர். அப்புறம் லைன் வால்வை மூடிவிட்டு இன்னொரு தடவை. அப்போதும் இறங்கினால் கம்ப்ரசரில் காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வோ, டேங்க் அடியில் தண்ணீர் திறந்துவிடும் ட்ரெயின் காக்கோ பாருங்கள், கப்ளரைத் திட்டாதீர்கள்.

சின்னக் கசிவுதானே என்று விடுகிறவர்களுக்காக: 7 பாரில் 1 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 லிட்டர் போகிறது. 3 மி.மீ. என்றால் அதைப் போல ஒன்பது மடங்கு, அதற்கென்றே ஒரு 5 எச்பி கம்ப்ரசர் ஓட வேண்டியிருக்கும். சரியான பராமரிப்பு இல்லாத தொழிற்சாலைகளில் தயாரிக்கும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வழிகாட்டி சொல்கிறது. எங்கள் லைனைப் பார்க்கிற எனக்கு அந்த எண் அதிகமாகவே தோன்றவில்லை.

ஓ ரிங் பற்றி: கப்ளரோடு வருவது பெரும்பாலும் நைட்ரில் ரப்பர், 80 டிகிரி வரைக்கும்தான். கம்ப்ரசர் ஹெட்டிலிருந்து வரும் காற்று அதைவிடச் சூடு, அதனால் டேங்குக்கு முந்தின பக்கத்தில் க்விக் கப்ளர் எதுவும் வைக்காதீர்கள். மாற்று ரிங் வாங்கும்போது ஈபிடிஎம் என்கிற வேறு ரப்பரைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள், அது தண்ணீர் லைனுக்கு நல்லது, கம்ப்ரசர் ஆயில் பட்டால் ஊதிப் போய் பிளக் சொருகவே வராது.


சவுதி ஜுபைல், சைட் மெயின்டனன்ஸ்:

மரை பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, நான் எழுதுகிறேன். இங்கே அமெரிக்க மெஷின்கள் என்பிடி மரையோடு வரும், நம் ஊரிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருவது பிஎஸ்பி. கால் இஞ்சில் பிஎஸ்பிக்கு இஞ்சுக்கு 19 மரை, கோணம் 55 டிகிரி. என்பிடிக்கு 18 மரை, 60 டிகிரி. ஒன்றை இன்னொன்றில் கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும். நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனர் போடுவார்கள், லீக் நிற்காது, மேலும் மேலும் டேப் சுற்றுவார்கள். அரை இஞ்சில் இன்னும் ஏமாற்றும், இரண்டுக்கும் 14 மரை, கோணம் மட்டும் வேறு. ஊருக்கு டூல் கொண்டுபோகிறவர்கள் ஒரு த்ரெட் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள், தகுந்த அடாப்டர் கிடைக்கிறது.

டெஃப்லான் டேப் முதல் மரையை விட்டுவிட்டு, திருகும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று. முதல் மரையிலும் சுற்றினால் முனையில் தொங்குகிற துணுக்கு காற்றோடு போய், கோவை நண்பர் சொன்ன மாதிரி கப்ளர் வால்வில்தான் மாட்டும். டேப் எல்லாம் டேப்பர் மரைக்குத்தான் (முனை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவது). ஒரே விட்டத்தில் போகிற பாரலல் மரைக்கு அடியில் டவுட்டி வாஷர் (உள்ளே ரப்பர் ஒட்டிய உலோக வாஷர்) போட்டு இறுக்குங்கள், அதில் மரை சீல் பண்ணாது, வாஷர்தான் பண்ணும்.

ரோடு உடைக்கிற பெரிய கம்ப்ரசர்களில் இருக்கும் சிக்காகோ கப்ளிங் தனி ரகம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஆண் பெண் கிடையாது, வைத்துக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அதற்குள் வால்வு எதுவும் இல்லை. கம்ப்ரசர் பக்கம் மூடி, ஓஸில் உள்ள காற்றை முழுக்க வெளியே விட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இரண்டு காதுகளிலும் ஓட்டை இருக்கும், அதில் சேஃப்டி பின் கட்டாயம், ஜாயின்டின் இரு பக்கமும் பிடிக்கிற விப் செக் கம்பியும் கட்டாயம். அமெரிக்காவில் கட்டுமான வேலைக்கான ஓஷா (தொழில் பாதுகாப்பு அமைப்பு) விதிப்படி அரை இஞ்சுக்கு மேல் உள்விட்டம் உள்ள ஓஸுக்கு, ஓஸ் அறுந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி காற்று கிளம்பும் இடத்திலோ கிளை லைனிலோ இருக்க வேண்டும். கழன்ற ஓஸ் ஆளை அடிக்கிற வேகத்தைப் பார்த்தவன் யாரும் இந்தப் பின்னைப் போடாமல் விடமாட்டான். தயவுசெய்து கம்பியை முறுக்கிப் பின்னுக்குப் பதில் விடாதீர்கள் தம்பிகளே.


மதுரை, மர வேலை:

அண்ணன்களா, எனக்கு 50 லிட்டர் கம்ப்ரசர், சின்ன ஆணி அடிக்கிற பிரேட் நெய்லரும் தூசி ஊதுற கன்னும்தான். இவ்வளவும் பார்க்கணுமா? என்ன வாங்கட்டும்?


கோவை, கார் டிங்கரிங் பெயின்டிங் பட்டறை:

தம்பி, உங்களுக்கு நிட்டோ வகை 20 தாராளமாகப் போதும். 8 மி.மீ. வெளிவிட்டம் பி.யு. ஓஸ், அதற்கு எஸ்பி 20 ஒன்று, பிபி 20 ஒன்று. கம்ப்ரசர் வாயில் எஸ்எம் 20, நெய்லரில் உள் மரை இருந்தால் பிஎம் 20. பிளக் எல்லாம் காந்தம் ஒட்டுகிற ஸ்டீல். ஓஸைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், சாய்வாகப் போனால் ஒரு பக்கம் பிடி குறையும், புது பிளேடால் நேர்க்குத்தாக வெட்டி, நட்டை முதலில் ஓஸில் கோத்துவிட்டு, ஓஸைக் கடைசி வரைக்கும் தள்ளி அப்புறம் இறுக்குங்கள். நெய்லரில் எப்போதும் பிளக்தான் இருக்க வேண்டும், சாக்கெட் கூடாது. சாக்கெட்டை வைத்தால் ஓஸைக் கழற்றின பிறகும் உள்ளே காற்று அடைபட்டு நிற்கும், ட்ரிக்கர் பட்டால் ஆணி பாயும்.

நாமக்கல் நண்பரே, அந்த அகல வாய் வகையில் எதைப் போட்டிருக்கிறீர்கள், கழற்றும்போது முதலில் காற்றை விட்டுவிட்டு அப்புறம் பிளக்கை விடுகிற இரண்டு கட்ட சேஃப்டி சாக்கெட்டா? நம் பக்கம் அதற்கு ஓ ரிங் தனியாகக் கிடைக்கிறதா என்று சொல்லுங்கள், பெயின்ட் பூத் லைனை அதற்கு மாற்றலாம் என்று இருக்கிறேன்.