கையைத் தூக்கும்போதும் தோளைப் பின்னால் இழுக்கணுமா?

வலதுதோள்: கையைத் தலைக்கு மேலே தூக்கினால் தோளில் சுருக்கென்று பிடிக்கிறது. ஜிம்மில் எதற்கும் 'தோளைப் பின்னால் இழு, கீழே அழுத்து' என்கிறார்கள். மூன்று மாதமாக அப்படியே செய்கிறேன், பிடிப்பு போகவில்லை.

தண்டால்பிரியன்: போதவில்லை, அவ்வளவுதான். எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோயிங் பயிற்சியைக் கூட்டுங்கள். முதுகு பலமானால் தோள் தானாக வழிக்கு வரும்.

பிசியோஅக்கா: ஒத்துக்கொள்ள மாட்டேன். ரோயிங்குக்கு 'பின்னால் இழு, கீழே அழுத்து' என்பது சரி, படுத்துக்கொண்டு எடையைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸுக்கும் சரி. கையைத் தூக்கும்போது அதுவே முட்டுக்கட்டை. கை 180 டிகிரி மேலே போவதில் சுமார் 60 டிகிரி, முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழல்வதால் கிடைப்பது. அதைக் கீழே அழுத்திப் பிடித்தால் எப்படிச் சுழலும்? சுழற்றுவது செரேட்டஸ் ஆன்டீரியர் என்ற தசை, கூடவே கழுத்திலிருந்து முதுகு வரை பரவிய ட்ரபீசியஸ் தசையின் மேல், கீழ்ப் பகுதிகள். செரேட்டஸ் விலாவில் தொடங்கி அந்த எலும்பின் உள்விளிம்பில் போய்ப் பிடிக்கிறது. முன்கை இரண்டையும் சுவரில் ஊன்றி, லேசாகச் சுவரைத் தள்ளிக்கொண்டே மேலே நகர்த்துங்கள்.

தண்டால்பிரியன்: சுவரில் கையைத் தேய்த்தால் பலம் வராது. தண்டாலிலேயே செரேட்டஸ் வேலை செய்கிறது. தனியாக எழுப்பிவிட அது தூங்கவா செய்கிறது?

பிசியோஅக்கா: தூங்கவில்லை, அது உண்மை. 'எழுப்புவது' என்ற சொல்லே எனக்கும் பிடிக்காது. சுவர்ப் பயிற்சி தொடக்கம்தான், பலத்துக்கு உங்கள் தண்டாலே போதும். ஆனால் முழங்கை நேரானதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறமும் தரையைத் தள்ளி, மேல்முதுகை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும். செரேட்டஸுக்கு நல்ல வேலை அந்தக் கொஞ்ச தூரத்தில்தான்.

தண்டால்பிரியன்: சரி, அதை நான் செய்வதில்லை. ஆனாலும் ரோயிங்கை விடச் சொல்ல மாட்டேன்.

பிசியோஅக்கா: நானும் சொல்லவில்லை.

வலதுதோள்: சுவரில் எட்டு முறை செய்தேன். அக்குளுக்குக் கீழே விலா ஓரம் எரிகிறது. பிடிப்பு இருக்கிறது, ஆனால் கை முன்பைவிட மேலே போன பிறகுதான் வருகிறது. தோள் காதுப் பக்கம் ஏறுகிறதே, தப்பா?

பிசியோஅக்கா: எரிகிற இடம் சரியான இடம். தோள் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அழுத்தாதீர்கள். பிடிப்பு தொடங்கும் உயரத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கை மரத்துப்போனாலோ, சுவரைத் தள்ளும்போது எலும்பு இறக்கை மாதிரி முதுகிலிருந்து பிதுங்கினாலோ பயிற்சியை விட்டுவிட்டு நேரில் காட்டுங்கள். அது நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம்.