மிலான் லுயினி பன்செரோத்தி: எண்ணெயில் வாய் பிளப்பது ஏன்?

நிலவன்:
இத்தாலியின் மிலான் நகரில், டுவோமோ பேராலயம் பக்கத்தில், சாந்தா ரதெகோந்தா தெருவில் இருக்கிற லுயினி கடையின் பொரித்த பன்செரோத்தி (பூரணம் வைத்து அரைவட்டமாக மடித்த மாவுப் பண்டம்) மாதிரி வீட்டில் செய்யப் பார்க்கிறேன். தக்காளி, மொசரெல்லா சீஸ் பூரணம்தான். எண்ணெயில் போட்டதும் ஓரம் பிரிந்து சீஸ் ஒழுகுகிறது, எண்ணெய் பயங்கரமாகத் தெறிக்கிறது. அளவும் பக்குவமும் சொல்லுங்களேன்.

மாவுக்கை:
வில்லன் தண்ணீர்தான். புது மொசரெல்லாவில் பாதிக்கு மேல் தண்ணீர். அது ஆவியாகி ஓரத்தைத் தள்ளித் திறந்துவிடும். முந்தின ராத்திரியே பொடியாக நறுக்கி, வடிகட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வடியவிடுங்கள். பீட்சாவுக்கென்று விற்கும் கெட்டி மொசரெல்லாவுக்கு இந்த வேலை வேண்டாம். ஆனால் பால் மணம் குறைவு. தோலுரித்த டின் தக்காளியை உப்போடு சுண்டக் காய்ச்சி, முழுக்க ஆறவிட்டு வையுங்கள். சூடாக வைத்தால் மாவு இளகி அடி கிழியும்.

மாவுக்கு மைதா 500 கிராம், தண்ணீர் 280 மி.லி., உலர் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, இரண்டு மடங்காக உப்பும்வரை மூடி வையுங்கள். 80 கிராம் உருண்டைகளாக்கி இன்னொரு அரை மணி நேரம். பிறகு 15 செ.மீ. வட்டமாக, சுமார் 4 மி.மீ. கனத்தில் தேய்க்கலாம். இதைவிட மெல்லிசானால் நடுவிலேயே கிழியும்.

கமலா ரவி:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஓரத்தையும் கவனியுங்கள். அங்கே தக்காளிச்சாறு ஒரு துளி பட்டாலும் ஒட்டாது. தேய்க்கும்போது தூவிய மாவு படிந்திருந்தாலும் அப்படித்தான். சீஸ் 30 கிராம், தக்காளி ஒரு கரண்டி போதும். மடித்ததும் உள்ளே இருக்கும் காற்றை விரலால் அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். முள்கரண்டியால் அழுத்துவதைவிட, சோமாசி மாதிரி ஓரத்தை முறுக்கி மடிப்பதுதான் உறுதி. முள் ஆழமாகப் பதிந்தால் அங்கேயே ஓட்டை விழும்.

எண்ணெய் 180 டிகிரி. ஒரு தடவைக்கு இரண்டு போதும். நிறையப் போட்டால் சூடு இறங்கி மாவு எண்ணெய் குடிக்கும். மேலே எண்ணெயை அள்ளி விட்டுக்கொண்டே, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். பூரணம் வைத்து அடுக்கிக் காத்திருக்க வேண்டாம், அடி ஊறிவிடும்.

தெற்குவாசல்:
இது தென் இத்தாலியின் புலியா பகுதிப் பண்டம். ஜுசெப்பீனா லுயினி 1949-இல் அங்கிருந்து மிலானுக்குக் கொண்டுவந்தார். கடையில் பொரித்ததோடு, ஓவனில் சுட்ட வகையும் கிடைக்கும். வீட்டில் 220 டிகிரியில் சுடலாம், ஆனால் அந்த மொறுமொறுப்பும் உள்ளே இழுபடும் மென்மையும் பொரித்ததில்தான். எடுத்ததும் இரண்டு நிமிடம் பொறுங்கள். முதல் கடியை ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆவியை வெளியே விடுங்கள். நடுவில் கடித்தால் கொதிக்கும் தக்காளி நாக்கைச் சுட்டுவிடும்.