ஓட்டக்காரப் பெண் ஸ்கெலிட்டன் போட்டிக்குப் போகலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரர் கேட்கிறார்:

எங்கள் அக்காவின் மகள் சித்தூரில் பிளஸ் டூ படிக்கிறாள். 100 மீட்டர் ஓட்டத்தில் பாலக்காடு மாவட்ட அளவில் பதக்கம் வாங்கியவள். குளிர்கால ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, தலை முன்னே இருக்கச் சிறு சறுக்குவண்டியில் குப்புறப் படுத்துப் பனித்தடத்தில் பாய்ந்திறங்கும் ஸ்கெலிட்டன்தான் தன் வழி என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் மழை என்பதற்கு மேல் பருவம் அறியாத எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்த வயதில் தொடங்கினால் எடுபடுமா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

உடற்கல்வி ஆசிரியர், வண்ணாமடை:

வயது தடையில்லை ஐயா, ஆனால் அது எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தது. லூஜ் என்ற இன்னொரு சறுக்குவண்டிப் போட்டியில் மல்லாந்து படுத்துக் கால் முன்னே போக இறங்குவார்கள். உட்கார்ந்தபடியே கைப்பிடிகளை இழுத்துவிட்டு, முள் பதித்த கையுறையால் பனியைப் பறண்டிக்கொண்டு புறப்படுவதால், கால் வேகத்துக்கு அங்கே வேலையில்லை. சிறுவயதிலேயே தடத்தின் நெளிவுசுளிவு உடம்பில் ஊறியவர்களே அதில் மேலே வருகிறார்கள். ஸ்கெலிட்டனில் அப்படியன்று, இடுப்பு வரை குனிந்து, வண்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு முப்பது மீட்டர் போல ஓடி, வேகம் சற்றும் குறையாமல் அதன்மேல் படுத்துவிட வேண்டும். 2014, 2018 என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற பிரிட்டனின் லிஸி யார்னால்ட், ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானிலிருந்து பத்தொன்பது வயதுக்குப் பிறகு வந்தவர். அந்த நாட்டில் பனித்தடமே கிடையாது; பாத் பல்கலைக்கழகத்தில் சக்கர வண்டியைத் தள்ளித்தான் புறப்பாட்டைப் பழகுகிறார்கள்.

வேலந்தாவளம், இப்போது இன்ஸ்புருக்:

ஆசிரியர் சொன்னது புறப்பாட்டுக்குச் சரி. அதற்கப்புறம்தான் செலவே தொடங்குகிறது. இங்கே ஆஸ்திரியாவின் இக்ல்ஸ் தடத்தில் ஒரு தடவை இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வளைவுகளில் உடல் எடையைப் போல நாலைந்து மடங்கு அழுத்தமும், பனிக்குச் சில அங்குலம் மேலே மோவாயுமாக மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போவதால், ஒரு நாளில் சில தடவைக்கு மேல் தலையும் கழுத்தும் தாங்குவதில்லை. தோளையும் முட்டியையும் மெல்ல அழுத்தித் திருப்பக் கற்பதற்கே பல குளிர்காலங்கள் வேண்டும் என்பது இதனால்தான். இந்தியாவில் செயற்கைப் பனித்தடம் இல்லாததால், விமானம், தங்குமிடம், தடக் கட்டணம், வண்டியின் இரும்புத் தண்டுகள் எல்லாமே கைக்காசு.

சிவ கேசவனைப் பாருங்கள். தலசேரித் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்து மணாலி அருகே வளர்ந்தவர், 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் லூஜ் ஓட்டினார். சக்கரம் பூட்டிய வண்டியில் லாரிகளுக்கு நடுவே மலைச்சாலையில் இறங்கிப் பழகினார். செலவுக்குப் பொதுமக்களிடமும் கேட்க வேண்டியிருந்தது. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால், 2014இல் நாட்டுக் கொடியில்லாமலே களமிறங்கினார். ஒலிம்பிக்கில் அவர் எட்டிய உச்சம் 2006இல் 25ஆம் இடம். 2011இல் ஆசிய லூஜ் போட்டியில் தங்கம் வென்றவருக்கு அர்ஜுனா விருது 2020இல்தான் வந்தது. நம் பக்கத்து ரத்தம் கொஞ்சம் ஓடுகிறவர் என்று பெருமைப்படுகிற நாம், அவர் இறங்கிய காலத்தில் எத்தனை பேர் பார்த்தோம்?

நடுப்புணிக்காரன்:

பிழைப்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இந்த வீரர்களில் பலருக்கு ராணுவமோ போலீஸோ சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. நமக்கு அது கிடையாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைக்க வேண்டுமானால், இன்றைக்குக் கைகொடுக்கக்கூடியது ஓட்டத்தில் வாங்கும் சான்றிதழ்தான். ஆகவே மாநில, தேசியப் போட்டிகள் வரை அவள் ஓடட்டும், பட்டப்படிப்பையும் விடாமல் இருக்கட்டும். இடையிலே முதல் முப்பது மீட்டருக்கான நேரத்தையும், நின்ற இடத்திலிருந்து தாண்டும் தூரத்தையும் தனியே குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்கெலிட்டன் பயிற்சியாளர்கள் புதியவர்களிடம் முதலில் சோதித்துப் பார்ப்பது இவற்றைத்தான்.