காளான் தோல் ஷூ: தொட்டவர்கள், போட்டவர்கள் சொல்லுங்கள்

வடலூர் மகன்
அப்பா வள்ளலார் வழியில் நிற்பவர். தோல் செருப்பைத் தொடமாட்டார். இத்தனை காலம் ரப்பர் செருப்பும் கேன்வாஸ் ஷூவுமாக ஓட்டிவிட்டார். தை மாதம் தங்கைக்குத் திருமணம். வரவேற்புக்குக் கோட்டு சூட்டோடு நிற்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது, "அதற்குக் கீழே ரப்பர் செருப்பா?" என்று அம்மா முறைக்கிறார். ரெக்சின் ஷூ வாங்கித் தந்தால் கால் வேகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். காளானில் செய்த ஷூ என்று ஒன்று இணையத்தில் கண்ணில் பட்டது. அந்த விலைக்கு நல்ல தோல் ஷூ இரண்டு ஜோடி வாங்கலாம். விளம்பரம் எல்லாம் படித்தாயிற்று. கையில் பிடித்துப் பார்த்தவர்கள் எழுதினால் உபகாரமாக இருக்கும்.

சிப்பிக்காளான், திண்டிவனம்
நான் ஷூ பற்றிப் பேசத் தகுதியானவன் அல்ல, காளான் வளர்ப்பவன். ஆனால் விஷயம் என் கொட்டகையில் தொடங்குகிறது. வைக்கோல் படுக்கையில் வித்து இட்டுத் தொங்கவிட்டால், மூன்று வாரத்துக்குள் பை முழுவதும் வெள்ளை இழை ஓடிவிடும். நாம் சமைத்துச் சாப்பிடும் காளான் அந்த இழையிலிருந்து வருவதுதான். காளான் தோல் செய்யும் கம்பெனிகள் பெரும்பாலும் காளானை வளரவிடாமல், இழையை மட்டும் மரத்தூளின் மேல் தட்டுத் தட்டாகப் படரவிட்டு எடுக்கிறார்கள். பிறகு அதைக் கொன்று, பதனிட்டு, சாயம் ஏற்றுகிறார்கள்.

ஆசைக்கு ஒரு பழைய படுக்கையின் வெள்ளைப் படலத்தை உரித்து வெயிலில் போட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தபோது கம்பளித் துணியைத் தொடுவது போல மெத்தென்று இருந்தது. காய்ந்ததும் மடித்த இடத்தில் இரண்டாகப் போயிற்று. ஆகவே இந்த இழை ஷூ ஆக வேண்டுமென்றால் அதற்குள் வேறு எதையோ சேர்க்கிறார்கள், அல்லது மேலே பூசுகிறார்கள். அது என்ன என்று கேளுங்கள். மழையில் நனைந்தால் ஷூவில் காளான் முளைக்குமா என்று என் மனைவி கேட்டார். முளைக்காது, அது செத்த இழை.

ஆம்பூர் கட்டிங் மேசை
அந்த "வேறு எதையோ" பற்றி நான் சொல்கிறேன். ஏற்றுமதி ஷூ கம்பெனியில் மேற்பாகம் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் மாதிரி பார்க்கச் சொல்லிக் காளான் தாள் சில அனுப்பியிருந்தார். முகப்பு அழகாகவே இருந்தது, கன்றுத் தோலின் சுருக்கம்கூட வந்திருந்தது. எங்கள் பெரியவர் முகப்பைப் பார்க்கவே இல்லை. கத்தியால் ஓரத்தைச் சீவி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் நெய்த துணி, நடுவில் வெளிர் பழுப்பில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு, மேலே கண்ணாடித் தாள் கனத்துக்குப் பாலியூரிதேன் பூச்சு. "நடுவில் இருப்பது மட்டும்தான் காளான். மேலே இருப்பது நம்ம ரெக்சின்" என்று மேசையில் போட்டுவிட்டார்.

எல்லாத் தயாரிப்பும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கும் முன் பார்க்க வேண்டிய இடம் அந்த வெட்டு ஓரம். மாட்டுத் தோலில் கொலாஜன் நார் மேலும் கீழுமாகப் பின்னிக் கிடக்கிறது; அதனால்தான் லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சில் ஏற்றி, முனையை இடுக்கியால் இழுத்து ஆணி அடிக்கும்போது விட்டுக்கொடுத்து உட்காருகிறது. பூஞ்சை இழையில் கொலாஜன் கிடையாது, கைட்டின்தான். நாங்கள் இழுத்தபோது பெருவிரல் பக்கம் பூச்சு வெளுத்தது. தையல் துளை ஒன்று நீளமாகக் கிழிந்தது. மடக்கி மடக்கிச் சோதிக்கும் ஃப்ளெக்ஸ் மெஷினில் போடும் வரை போகவே இல்லை.

ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் நகரில் ஃபில்க் என்று ஒரு தோல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 2021-ல் தோலையும் மாற்றுப் பொருள்கள் பலவற்றையும் சோதித்து வெளியிட்டார்கள். தோலின் எல்லாக் குணமும் சேர்ந்தாற்போல் எதிலும் இல்லை என்பதுதான் முடிவு. அதில் மஸ்கின் என்ற காளான் பொருள் இழுவையில் மிகவும் பலவீனம். ஆனால் நீராவியை நன்றாக வெளியே விடுகிறது. உங்கள் அப்பாவுக்குக் கால் வேகக் கூடாது என்றால் அந்தக் குணம்தான் வேண்டும். பூச்சைத் தடவியதும் அதுவே குறைந்துபோகிறது, என்ன செய்வது!

பாலாற்றுத் தண்ணீர்
ஆம்பூர் நண்பர் தோலுக்கு வக்காலத்து வாங்குவதில் ஆச்சரியம் இல்லை. தோல் கழிவு எங்கள் கிணறுகளை என்ன செய்தது என்பதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பே சாட்சி. காளான் ஷூ கொஞ்சம் சீக்கிரம் கிழிந்தால் கிழியட்டும்.

ஆம்பூர் கட்டிங் மேசை
தீர்ப்பை மறுக்கவில்லை ஐயா, எங்கள் வீட்டுக் கிணறும் அதே மண்ணில்தான் இருக்கிறது. கிழிந்த ஷூவுக்குப் பதில் இன்னொன்று செய்ய வேண்டுமே, அதையும் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

பாண்டுங்கிலிருந்து
இந்தோனேசியாவில் வேலை. காளான் தோல் செய்யும் மைக்கோடெக் லேப் இந்த ஊரில் இருப்பதால் இங்கே இதைப் பற்றிய பேச்சு அதிகம். நான் வாங்கியது வேறொரு சிறிய பிராண்டின் ஷூ, பெயர் வேண்டாம். பெட்டி முழுக்கக் காளான் படம். ஷூவில் காளான் தோல் இருந்தது பக்கவாட்டில் ஒரு பட்டையும் குதிகாலில் ஒரு துண்டும். மற்றதெல்லாம் பருத்தித் துணி. இங்கே பாதி நாள் மழை. அந்தப் பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, நிறம் மட்டும் மங்கியது. போனது சோல். ஈரப்பதத்தில் பாலியூரிதேன் சோல் உள்ளுக்குள்ளேயே சிதைந்து ஒருநாள் பொடியாக உதிரும். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் உதிரும். விற்றவர்கள் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. மேலே எதைப் போட்டாலும் சோல் ரப்பரா என்று பார்த்துவிடுங்கள்.

சான் ஹோசே சித்தப்பா
வாங்கத்தான் ஆசை, கடையில் இருந்தால்தானே? 2021-ல் அடிடாஸ், போல்ட் த்ரெட்ஸ் நிறுவனத்தின் மைலோ என்ற காளான் தோலில் ஒரு ஸ்டான் ஸ்மித் ஷூவைக் காட்டியது. ஸ்டெல்லா மெக்கார்ட்னி, லுலுலெமன், கெரிங் என்று பெரிய ஃபேஷன் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் அந்த மைலோ கூட்டணியில் இருந்தார்கள். 2023-ல் முதலீடு கிடைக்காமல் மைலோ உற்பத்தியையே நிறுத்திவைத்துவிட்டார்கள். மைக்கோவொர்க்ஸ் என்ற இன்னொரு கம்பெனியின் காளான் தோலில் பை செய்வதாக ஹெர்மேஸ் அறிவித்தது; அந்தப் பைக்காரர்கள் நம் வீட்டுத் திருமணத்துக்கு வருகிறவர்கள் அல்லர்.

ஆகவே இன்று இணையத்தில் "காளான் ஷூ" என்று மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், தம்பி. விலை அதிகமாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: யாருடைய தாள், ஷூவில் எந்தெந்தப் பாகம், மேலே என்ன பூச்சு. மைலோவையோ மைக்கோவொர்க்ஸின் ரெய்ஷியையோ வாங்கித் தைத்தவர்கள் பெயரை மறைக்கமாட்டார்கள், அதைச் சொல்லித்தானே விற்க வேண்டும். என் மகள் அப்படி ஒரு கடைக்குக் கேட்டு எழுதினாள். "தாவரம் சார்ந்த உயர்தரப் பொருள்" என்று பதில் வந்தது. காளான் தாவரமே இல்லை என்று திருப்பி எழுதினாள், அத்தோடு சரி.

வடலூர் மகன்
எல்லாருக்கும் நன்றி. நான் பார்த்து வைத்திருந்த கடைக்குச் சித்தப்பா சொன்ன மூன்று கேள்வியும் அனுப்பினேன். ஷூவில் எந்தெந்தப் பாகம் காளான் என்பதற்கு "வடிவமைப்புக்கு ஏற்ப மாறும்" என்றார்கள். விட்டுவிட்டேன். உள்ளே பருத்தி லைனிங், ரப்பர் சோல், மேலே மெழுகு பூசிய கறுப்பு கேன்வாஸ் என்று ஒன்று பார்த்திருக்கிறேன், தூரத்தில் பார்த்தால் ஃபார்மல் ஷூ மாதிரியே இருக்கிறது. காளான் விலையில் பாதிகூட இல்லை. அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். "ஒட்டியிருக்கிற பசை எதிலிருந்து வருகிறது?" என்கிறார். ஆம்பூர் அண்ணன், இதற்கு என்ன பதில்?

ஆம்பூர் கட்டிங் மேசை
ஷூ கம்பெனிகளில் இப்போது பெரும்பாலும் செயற்கைப் பசைதான், தம்பி. மெழுகு தேன்மெழுகா, பாரஃபினா என்று அடுத்துக் கேட்பார். அதையும் இப்போதே கடையில் விசாரித்துவிடுங்கள்.