ஓ-சைலீனில் பிளேடு கோட்டிங்: ஒய்6 திரளுது, வழி சொல்லுங்க

ஆர்கானிக் சோலார் செல்லுக்கான பிஎம்6 (எலக்ட்ரான் தரும் பாலிமர்), ஒய்6 (எலக்ட்ரான் ஏற்கும் சிறு மூலக்கூறு) கலவை, எடை விகிதம் 1:1.2. குளோரோஃபார்மில் மில்லிலிட்டருக்கு 16 மி.கி., 0.5% குளோரோநாப்தலீன் (மெதுவா ஆவியாகுற சேர்க்கை), ஸ்பின் கோட்டிங் (தட்டைச் சுழற்றிப் பூசுறது), 110 டிகிரியில் 10 நிமிஷ அனீலிங் (சூடாக்கிப் பதப்படுத்துறது). இதுல படலம் பளிச்னு வருது.

அதையே பிளேடு கோட்டிங்குக்காக (பிளேடால இழுத்துப் பூசுறது) ஓ-சைலீன் கரைப்பானுக்கு மாத்தினாதான் சிக்கல். குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கும், இது 144. மெதுவா காயுறதால ஒய்6 திரள நேரம் கிடைச்சிடுது. ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) படத்துல பெரிய திட்டுகள். செல்லோட வோல்டேஜ் அசையல, கரண்டும் ஃபில் ஃபேக்டரும்தான் (உச்ச வோல்டேஜ், உச்ச கரண்ட் பெருக்கத்துல எத்தனை பங்கு பவரா கிடைக்குதுங்கிற அளவு) விழுது. தட்டை 80 டிகிரிக்குச் சூடாக்கினா திரட்சி குறையுது, ஆனா பிளேடு போற திசையில் கோடு கோடா விழுது.

சூட்டைக் குறைச்சு நைட்ரஜன் ஊதி உலர்த்தலாமா? நைட்ரஜன் ஊதுற முனையை எவ்வளவு சாய்ச்சு, பிளேடுக்கு எவ்வளவு பின்னால வைக்கணும்? குளோரோநாப்தலீனை மட்டும் கூட்டச் சொல்லாதீங்க. கடைசிவரை ஆவியாகாம நின்னு அதுவும் திட்டைத்தான் வளர்க்கும்.